கிரின்ஸ்டெட் குழாய்த் தண்ணீர்: மணலுக்கு அடியில் இருந்து கணக்குச்சீட்டு வரை

டென்மார்க்கில் சொந்த வீடு வாங்கிய எம்மவர்கள் முதலாவது தண்ணீர்க் கணக்கைக் கையில் எடுத்ததும் கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "குடிக்கிற தண்ணிக்கு இவ்வளவு காசா?" ஊரில் கிணற்றடியில் துலாவிலும் கப்பியிலும் அள்ளிக் குளித்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வி வருவது இயல்பு. கிணற்றுத் தண்ணீருக்கு யாரும் சீட்டு அனுப்பியதில்லை.

ஆனால் அந்தச் சீட்டைக் கூர்ந்து பார்த்தால் அதில் மிகச் சிறிய தொகைகளில் ஒன்று தண்ணீருக்கான விலையாகத்தான் இருக்கும். மிச்சம் முழுவதும் அந்தத் தண்ணீரைக் கெடாமல் காப்பதற்கும், நாம் கெடுத்த பிறகு அதைத் திருப்பி எடுத்துச் சுத்தம் செய்வதற்கும், அரசின் வரிக்கும் போகிறது. மத்திய யூலாந்தில் தமிழர்கள் வாழும் சிறு நகரங்களுள் இதை விளங்கிக்கொள்ள மிகப் பொருத்தமான இடம் கிரின்ஸ்டெட். ஏறத்தாழ பத்தாயிரம் பேர் வாழும் இந்த ஊரின் நிலத்துக்கடியில் டென்மார்க்கின் மிக மோசமான இரசாயன மாசுகளில் ஒன்று கிடக்கிறது. அதே ஊரில் குழாயைத் திறந்து, காய்ச்சாமல், வடிக்காமல், பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய தண்ணீர் வருகிறது. இரண்டும் எப்படி ஒரே இடத்தில் சாத்தியம் என்பதைப் பற்றியது இந்தக் கட்டுரை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

டென்மார்க்கின் குடிநீர் ஏறத்தாழ முழுவதும் நிலத்தடி நீர். ஆற்று நீரையோ ஏரி நீரையோ எடுத்து, குளோரின் போட்டுக் குழாயில் விடும் வழக்கம் இங்கே இல்லை. ஆழ்துளைக் கிணற்றில் இருந்து எடுத்த நீரைக் காற்றோடு கலக்கவிடுகிறார்கள். நீரில் கரைந்திருக்கும் இரும்பும் மங்கனீசும் காற்றுப் பட்டதும் திரண்டு வர, மணல் வடியில் அவற்றைப் பிடித்துவிட்டு நீரைக் குழாய்க்கு அனுப்புகிறார்கள். இதுதான் சாதாரண "வான்வார்க்" செய்யும் வேலை. இப்படியான சிறிதும் பெரிதுமான நீர் நிலையங்கள் நாடெங்கும் சுமார் 2,500 உள்ளன. பல இடங்களில் அவை அந்தந்த ஊர்ப் பாவனையாளர்களுக்கே கூட்டுடைமையாகச் சொந்தம். வேறு இடங்களில் கொம்யூனுக்குச் சொந்தமான நிறுவனம் நடத்துகிறது. உங்கள் வீட்டுக்கு யார் தண்ணீர் தருகிறார்கள் என்பது முகவரியைப் பொறுத்தது. கணக்குச்சீட்டின் தலைப்பில் அந்தப் பெயர் இருக்கும்.

கிரின்ஸ்டெட் 2007 வரை தனிக் கொம்யூன். அந்த ஆண்டின் முதல் நாளில் நடந்த பெரிய நிர்வாக மாற்றத்தில் அது பிலுண்ட் கொம்யூனோடு சேர்ந்தது. கொம்யூனுக்குப் பெயர் பிலுண்ட் என்றாலும் நகரசபைக் கட்டிடம் கிரின்ஸ்டெட்டில்தான். அதற்கு முன் மாவட்ட மட்டத்தில் றீப அம்ட் இருந்தது. நிலத்தடி நீரும் மண் மாசும் அதன் பொறுப்பு. அம்டுகள் கலைக்கப்பட்டதும் மண் மாசு தென் டென்மார்க் பிராந்தியத்துக்குப் போயிற்று. கழிவுநீர், கொம்யூனுக்குச் சொந்தமான பிலுண்ட் வான் ஓ எனர்கி என்ற நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது. 2009இல் வந்த நீர்த்துறைச் சட்டம் இத்தகைய நிறுவனங்களைக் கொம்யூன் நிர்வாகத்தில் இருந்து பிரித்துத் தனிக் கம்பனிகளாக்கியது. ஆனால் அவை இலாபம் பார்க்க முடியாது. செலவுக்கு ஏற்ற வரவு, அவ்வளவுதான். கட்டணத்துக்கு உச்ச வரம்பும் உண்டு.

மேற்கு யூலாந்து மணல் பூமி. பனியாறு உருகி ஓடிய காலத்தில் அடித்துக்கொண்டுவந்து பரப்பிய மணல்வெளி அது. சுண்ணாம்பு குறைவு என்பதால் தண்ணீர் மென்மையானது. கோப்பன்ஹேகனில் வாழும் உறவினர் வீட்டுக் கேத்தலில் வெள்ளைப் படை படிவதும், உங்கள் வீட்டில் அவ்வளவாகப் படியாததும் இதனால்தான். சவர்க்காரத் தூள் பெட்டியில் மென்னீர், வன்னீர் என்று இரண்டு அளவு போட்டிருப்பார்கள். இங்கே குறைந்த அளவு போதும். பலர் பெட்டியில் உள்ள கூடிய அளவையே போட்டுக் காசைக் கரைக்கிறார்கள்.

மணல் பூமிக்கு இன்னொரு குணமும் உண்டு. மழை விழுந்ததும் கீழே போய்விடும். மழை மட்டுமல்ல, மேலே எதை ஊற்றினாலும் கீழே போய்விடும்.

நிலத்துக்கடியில் கிடப்பது

கிரின்ஸ்டெட் ஊரை வளர்த்தது ஒரு தொழிற்சாலை. கிரின்ஸ்டெட்வார்க்கெட் என்ற இரசாயன ஆலை 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி முழுவதும் இங்கே மருந்துப் பொருட்களும் உணவுச் சேர்க்கைகளும் செய்தது. சல்ஃபா மருந்துகள், தூக்க மருந்துகள், விற்றமின்கள் என்று பட்டியல் நீளும். பின்னாளில் உணவுச் சேர்க்கைப் பகுதி டானிஸ்கோவின் கையில் இருந்தது. 2011இல் அமெரிக்க டுபாண்ட் வாங்கியது. 2021இல் ஐஎஃப்எஃப் நிறுவனத்தோடு சேர்ந்தது. ஐஸ்கிறீமும் பாணும் மென்மையாக இருக்கச் சேர்க்கும் பொருட்கள் "கிரின்ஸ்டெட்" என்ற பெயரிலேயே உலகெங்கும் விற்பனையாகின்றன. கொழும்பில் வாங்கும் ஐஸ்கிறீமிலும் இந்த ஊரின் சரக்கு இருந்தால் ஆச்சரியப்படுவதற்கில்லை.

கழிவு எங்கே போனது? மூன்று பக்கமும் போனது. ஆலைக் கழிவுநீர் பல ஆண்டுகள் ஊருக்கு நடுவே ஓடும் கிரின்ஸ்டெட் ஆற்றில் கலந்தது. அந்த ஆறு வார்டே ஆறாகி மேற்குக் கடலின் சேற்றுப் பரப்புக்குப் போகிறது. ஆலை வளவிலும் பக்கத்துப் பழைய ரயில் பாதைப் பள்ளத்திலும் கழிவு கொட்டப்பட்டது. ஊரின் தெற்கே இருந்த பழைய குப்பைமேட்டுக்கும் வீட்டுக் குப்பையோடு சேர்த்து ஆலைக் கழிவு போனது. அந்தக் குப்பைமேடு 1970களில் மூடப்பட்டது. அடியில் களித்தட்டோ பிளாஸ்ரிக் விரிப்போ இல்லை. மணல்தான்.

நான்காவது இடம் ஊரில் இல்லை. மேற்குக் கரையில், கோடையில் எம்மவர் குடும்பம் குடும்பமாகப் போகும் ஹென்ன, வேயர்ஸ் கடற்கரைகளுக்கு இடையே, கார்கோர் என்ற மணல்மேட்டுக் காடு இருக்கிறது. 1956 முதல் 1973 வரை ஆலையின் திரவக் கழிவு அங்கே கொண்டுபோகப்பட்டு ஆறு குழிகளில் ஊற்றப்பட்டது. மொத்தம் ஏறத்தாழ 2,80,000 தொன். களவாக அல்ல, அதிகாரிகளின் அனுமதியோடு. மணல் வடிகட்டிவிடும், கடல் கரைத்துவிடும் என்பது அன்றைய நம்பிக்கை. குளோரின் சேர்ந்த கரைப்பான்கள், பென்சீன், பாதரசம், சல்ஃபா மருந்து மிச்சங்கள் எல்லாம் அந்த நம்பிக்கையின் பேரில் மண்ணுக்குள் போயின. அங்கே கரையில் ஒரு பகுதியில் குளிக்க வேண்டாம் என்று பலகை நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். டெனிஷில் எழுதியிருக்கிறது என்று கடந்துபோகாமல் பிள்ளைகளைக் கொண்டு வாசிப்பியுங்கள்.

1990களில் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிரின்ஸ்டெட் குப்பைமேட்டில் இருந்து நிலத்தடி நீர் ஓடும் திசையில் துளையிட்டுப் பார்த்தார்கள். 1995இல் வெளியான அவர்களது ஆய்வு, மருந்துப் பொருட்கள் நிலத்தடி நீரில் எவ்வளவு தூரம் நகர்கின்றன என்பதை உலகுக்குக் காட்டிய முதல் ஆய்வுகளில் ஒன்று. மருந்துக் கழிவு பற்றிய ஆய்வுகளில் இந்தச் சின்ன ஊரின் பெயர் இன்றும் வருகிறது. பின்னர் ஆற்றைச் சோதித்தபோது வினைல் குளோரைட் என்ற புற்றுநோய் தரும் இரசாயனம் அனுமதித்த அளவை மீறி ஆற்று நீருக்குள் ஊறி வருவது தெரிந்தது. ஆலை வளவு ஆற்றுக்கு வடக்கே, குப்பைமேடு தெற்கே. இரண்டு பக்கத்து நிலத்தடி நீரும் ஆற்றை நோக்கி நகர்கிறது. ஆறுதான் இரண்டுக்கும் வடிகால்.

இவ்வளவையும் வாசித்துவிட்டு யாரும் போத்தல் தண்ணீர் வாங்க ஓட வேண்டாம். நிலத்தடி நீர் என்பது ஒரே குளம் அல்ல. எந்தத் துளையில், எந்த ஆழத்தில், எந்தத் திசையில் இருந்து நீர் வருகிறது என்பதில்தான் எல்லாமே தங்கியிருக்கிறது. பொது நீர் நிலையத்தின் துளைகளைச் சுற்றி என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று காப்பு வலயம் வகுக்கிறார்கள். சட்டப்படி குறித்த கால இடைவெளியில் மாதிரி எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறார்கள். முடிவுகள் பொதுவில் கிடைக்கும். கிருமிநாசினி மிச்சம் ஒவ்வொன்றுக்கும் ஒரு லீற்றருக்கு 0.1 மைக்ரோகிராம் வரம்பு. நைத்திரேற்றுக்கு 50 மில்லிகிராம். அண்மைக் காலத்தில் பீஃபாஸ் எனப்படும் அழியாத இரசாயனங்களுக்கும் மிகக் கடுமையான வரம்பு வந்துவிட்டது. வரம்பு மீறினால் அந்தத் துளையை மூடுகிறார்கள், அல்லது வேறு துளை நீரோடு கலந்து அளவைக் குறைக்கிறார்கள். 2017க்குப் பிறகு, பீட்றூட் தோட்டங்களில் முன்னர் அடித்த களைநாசினி ஒன்றின் மிச்சம் நாடெங்கும் கண்டுபிடிக்கப்பட்டபோது பல துளைகள் அப்படி மூடப்பட்டன. டென்மார்க்கின் நிலத்தடி நீர் சுத்தமானது என்று பெருமையாகச் சொல்வார்கள். என் பார்வையில், சுத்தமான இடங்கள் குறைந்துகொண்டு வருகின்றன, கண்காணிப்பு அதைவிட வேகமாக நடக்கிறது என்பதே சரியான கூற்று.

சுத்தம் செய்வது யார்

ஆலை ஊற்றியது, ஆலைதான் கட்ட வேண்டும் என்று நினைப்போம். அப்படி நடக்கவில்லை. ஊற்றியது அனுமதியோடு. ஊற்றி முடித்த பிறகுதான் சட்டம் வந்தது. டென்மார்க்கில் சுற்றாடலுக்கு என்று தனி அமைச்சு அமைந்தது 1971இல், சுற்றாடல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது 1973இல். பழைய இரசாயனக் குப்பைகளைத் தேடிப் பதிவுசெய்யும் முதலாவது சட்டம் 1983இல் வந்தது. இன்றைய மண் மாசுச் சட்டம் 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய பாவத்துக்கு வரிப்பணம்தான் பரிகாரம். பிராந்தியங்களின் ஆண்டு வரவு செலவில் இவ்வளவு பெரிய மாசைத் தொடவே முடியாது என்று பிராந்தியங்கள் பல ஆண்டுகள் முறையிட்டன. 2020 டிசம்பரில் பாராளுமன்றக் கட்சிகள் உடன்பட்டு, நாட்டின் பத்துப் பெரிய மாசு இடங்களைச் சுத்தம் செய்ய அரச நிதி ஒதுக்கின. கிரின்ஸ்டெட்டும் கார்கோரும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இவற்றை டெனிஷில் "தலைமுறை மாசு" என்று அழைக்கிறார்கள். ஒரு தலைமுறை விட்டுப்போனதை அடுத்த தலைமுறை கட்டுகிறது என்ற பொருளில். அந்த அடுத்த தலைமுறையில் எங்கள் பிள்ளைகளும் வரி கட்டுகிறார்கள்.

வீடு வாங்க நினைப்பவர்களுக்கு இதில் நேரடியான விடயம் ஒன்று உண்டு. டென்மார்க்கில் ஒவ்வொரு காணிக்கும் மண் மாசுச் சான்றிதழ் இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். மாசு இருக்கலாம் என்ற சந்தேகம் மட்டும் உள்ள காணி வீ-1 என்றும், அளந்து உறுதிப்படுத்திய காணி வீ-2 என்றும் பதியப்பட்டிருக்கும். வீ-2 என்றால் வாங்கவே கூடாது என்பதல்ல. மாசு எங்கே, எவ்வளவு, வீட்டு உள்காற்றைப் பாதிக்குமா என்று பிராந்தியத்திடம் கேட்டு எழுத்தில் பெறலாம். வங்கியும் அதைத்தான் பார்க்கும். வீட்டு முகவர் தரும் தடித்த கோப்பில் இந்தத் தாள் எங்காவது நடுவில் கிடக்கும். சமையலறை புதிதா என்று பார்க்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுக்கலாம்.

தோட்டக் கிணறு தோண்டும் ஆசை எம்மவரில் மூத்தவர்களுக்கு விடாது. மணல் பூமி, சில மீற்றரிலேயே தண்ணீர், ஏன் மிளகாய்க்கும் கீரைக்கும் விலை கொடுத்து வாங்கிய குழாய்த் தண்ணீரை ஊற்ற வேண்டும் என்று கேட்பார்கள். கொம்யூனின் அனுமதி இல்லாமல் துளை போட முடியாது என்பது சட்டம். கிரின்ஸ்டெட்டில் அது வெறும் சட்டம் அல்ல. மாசு நகரும் பாதைக்கு மேல் துளையிட்டால் கீழே கிடப்பதை நீங்களே மேலே எடுத்துக் கீரைப் பாத்தியில் ஊற்றுகிறீர்கள். மழைநீரைப் பீப்பாயில் பிடித்துத் தோட்டத்துக்கு ஊற்றுவதற்கு யாரும் தடை சொல்வதில்லை. பழைய நகரப் பகுதிகளில் மேல்மண்ணும் இலேசான மாசுடையது என்றே பொதுவாகக் கணிக்கப்படுகிறது. அங்கே பலகை அடித்து, வாங்கிய மண் நிரப்பிய பாத்தியில் கீரை போடுவதே நல்லது.

சுன்னாகத்தை நினைக்காமல் இருக்க முடியாது

கிரின்ஸ்டெட் கதையைக் கேட்கும் யாழ்ப்பாணத்தவர் எவருக்கும் சுன்னாகம் ஞாபகம் வரும். சுன்னாகம் மின் நிலைய வளவில் இருந்து கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்து, சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013, 2014இல் அப்பகுதியில் 150 கிணறுகளைச் சோதித்தபோது ஏறத்தாழ நான்கில் மூன்றில் எண்ணெய் அளவு வரம்பை மீறியிருந்தது. 2015 தொடக்கத்தில் மல்லாகம் நீதிமன்ற உத்தரவோடு தனியார் மின் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்தத் தனியார் நிறுவனம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்த்தது.

அளவில் பார்த்தால் கிரின்ஸ்டெட் மாசு பெரிது, ஆழமானது, நஞ்சு கூடியது. ஆனால் அங்கே துன்பம் கூடியது. காரணம் எளிது. சுன்னாகத்தில் கிணறுதான் தண்ணீர். கிணறு கெட்ட நாளில் வீட்டில் தண்ணீர் இல்லை. வீதியோரத்தில் தாங்கி வைத்து பவுசரில் நிரப்பினார்கள். தண்ணீர் குடிக்கலாமா கூடாதா என்று ஒரு நிபுணர் குழு ஒன்று சொல்ல, இன்னொரு திணைக்களம் வேறொன்று சொல்ல, சனம் நடுவில் நின்றது. கிரின்ஸ்டெட்டில் ஒருவரின் காணிக்கடியில் நஞ்சு ஓடினாலும் அவரது குழாய் வேறெங்கோ இருந்து வருகிறது. சொந்தக் கிணறு சுதந்திரம் என்று நாம் வளர்ந்தோம். அது கெடும் வரைக்கும் சுதந்திரம்தான்.

யாழ் குடாநாட்டின் நிலைமை எண்ணெயோடு முடிவதில்லை. வற்றாத ஆறு இல்லாத, சுண்ணாம்புக்கல் மேல் கிடக்கும் நிலம் அது. கல்லின் வெடிப்புகள் வழியே மேலே போட்ட பசளையும், மலக்குழியில் இருந்து ஊறுவதும் கிணற்றுக்கு வந்துவிடுகின்றன. நைத்திரேற்று வரம்பை மீறிய கிணறுகள் குடாநாட்டில் ஏராளம். யாழ் நகரில் பொதுக் கழிவுநீர்க் குழாய் வலை கிடையாது. இரணைமடுவில் இருந்து நீர் கொண்டுவரும் திட்டம் கிளிநொச்சி விவசாயிகளின் எதிர்ப்போடு நின்றது. அதற்குப் பதிலாகத் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. குடிநீர்க் குழாய் வருகிறது, கழிவுநீர்க் குழாய் வரவில்லை. இது பாதி வேலை. கிரின்ஸ்டெட்டில் மறு பாதி எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

கீழே போகும் தண்ணீர்

கழிவுநீர்க் குழாய்க்கு டெனிஷில் "குலோக்". காணியின் எல்லை வரைக்கும் குழாய் நிறுவனத்துடையது. எல்லைக்கு உள்ளே உள்ளது வீட்டுக்காரருடையது. அடைத்தால், உடைந்தால், எலி புகுந்தால் உள்ளே உள்ளதற்குச் செலவு உங்கள் கையில். அந்த வேலையைத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுச் செய்விக்க முடியாது. அங்கீகாரம் பெற்ற குலோக் மேஸ்திரிதான் கைவைக்கலாம். எலியைக் கண்டால் கொம்யூனுக்கு அறிவிப்பது சட்டப்படி கடமை. எலி பிடிக்க ஆள் அனுப்புவது அவர்கள் வேலை.

பழைய பகுதிகளில் மழைநீரும் மலக்கழிவும் ஒரே குழாயில் போகும். பெருமழையில் அது நிரம்பி நிலவறைக்குள் திரும்பி வரும். அதனால் இரண்டையும் பிரித்து இரண்டு குழாய் போட்டு வருகிறார்கள். உங்கள் தெருவுக்கு அந்த வேலை வந்தால், காணிக்குள் பிரிக்கும் செலவு உங்களுடையது என்று ஒரு கடிதம் வரும். காலக்கெடுவும் அதில் இருக்கும். இந்தக் கடிதத்தை விளங்காமல் இலாச்சிக்குள் போட்டுவிட்டுப் பின்னர் அவசரத்தில் கூடிய விலைக்குச் செய்வித்தவர்கள் உண்டு. தெருவில் குழாய் வேலை நடக்கும்போதே அயலவர்களோடு சேர்ந்து ஒரே மேஸ்திரியிடம் விலை கேட்பது மலிவு.

கிரின்ஸ்டெட்டின் சுத்திகரிப்பு நிலையம் டென்மார்க்கில் பெயர் பெற்றது. 1990களிலேயே இந்தக் கொம்யூன் வீடுகளின் சமையலறைக் கழிவைத் தனியாகப் பிரித்தெடுத்து, கழிவுநீர்ச் சேற்றோடு சேர்த்து, எரிவாயு எடுக்கத் தொடங்கியது. நாட்டின் மற்றப் பல கொம்யூன்கள் பச்சைப் பை கொடுத்தது அதற்கு வெகு காலத்துக்குப் பின்னர்தான். 2010களில் அது பிலுண்ட் பயோறிஃபைனரி என்ற பெயரில் பெருப்பிக்கப்பட்டது. தான் செலவழிப்பதைவிடக் கூடுதலான சக்தியை உற்பத்தி செய்யும் நிலையம் அது. வாயுவில் இருந்து மின்சாரமும் வெப்பமும் கிடைக்கின்றன, மிஞ்சும் சேறு வயலுக்குப் பசளையாகிறது. நீங்கள் வீசும் வாழைப்பழத் தோலும் கறிவேப்பிலையும் அங்கேதான் போகின்றன. வெளியே இருந்து பார்வையாளர்கள் வந்து படம் எடுத்துப் போகும் இடம். ஊருக்குள் இருக்கும் நாங்கள் அநேகமாகப் பார்த்ததில்லை.

இங்கே ஒரு சமையலறை விடயம். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகையில் உறையும். நிலத்துக்கடியில் உள்ள டெனிஷ் குழாயின் வெப்பநிலை அதைவிட மிகக் குறைவு. சுடச்சுட ஊற்றிய எண்ணெய் தொட்டியைத் தாண்டும்போது திரவம், எல்லையை அடையும்போது மெழுகு. பொரித்த எண்ணெயும் இறைச்சிக் கறியின் நெய்யும் அப்படித்தான். ஈரத் துடைப்பான் துணிகள், மலகூடத்தில் போடலாம் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும், அந்த மெழுகோடு சேர்ந்து கயிறாகத் திரளும். எண்ணெயை ஆறவிட்டுப் போத்தலில் அடைத்துக் கொடுத்தால், பெரும்பாலான கொம்யூன்கள் அதைத் தனியே சேர்க்கின்றன. சட்டியைக் கழுவுமுன் கடதாசியால் துடைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். உணவகம், மண்டபச் சமையல் என்று நடத்துவோர் கொழுப்புப் பிரிக்கும் தொட்டி வைக்க வேண்டும். கொம்யூன் வந்து பார்க்கும்.

ஊருக்கு வெளியே பண்ணை வீடு வாங்கியவர்களுக்குக் குலோக் இருக்காது. அங்கே படிவுத் தொட்டியும் ஊறல் குழாயும்தான், ஆண்டுக்கொரு முறை வண்டி வந்து வெறுமையாக்கும். அந்த வீட்டுக்குத் தனிக் கிணறு இருந்தால் நீரைச் சோதிப்பிப்பதை வாங்குமுன் செய்துவிட வேண்டும்.

குடிநீரும் கழிவுநீரும் கலக்காமல் இருப்பது தானாக நடப்பதல்ல. 2007 ஜனவரியில் சேலாந்தில் உள்ள கோகே நகரத்தில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுநீர் தவறுதலாகக் குடிநீர்க் குழாய்க்குள் போய், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வயிற்றோட்டத்தில் விழுந்தார்கள். இப்படி நடந்தால் "காய்ச்சிக் குடிக்கவும்" என்ற அறிவித்தல் குறுஞ்செய்தியாக வரும், டெனிஷில். டெனிஷ் வாசிக்காத தாய் தந்தையர் தனியாக வாழும் வீட்டின் முகவரியையும் பிள்ளைகள் தங்கள் தொலைபேசி இலக்கத்தோடு அந்தச் சேவையில் பதிந்துவைக்கலாம். அறிவித்தல் இல்லாத நாட்களில் காய்ச்சத் தேவையில்லை. ஆனால் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் குளிர்நீர்க் குழாயில் இருந்தே எடுங்கள். சுடுநீர், தாங்கியிலும் குழாயிலும் தேங்கி வருவது.

கணக்குச்சீட்டு

இனிக் காசுக்கு வருவோம். 2020களின் தொடக்கத்தில் நாட்டுச் சராசரியில் ஒரு கன மீற்றர், அதாவது 1,000 லீற்றர், கழிவுநீர் உட்பட 70 முதல் 80 குறோணர் வரை இருந்தது. ஒருவர் வீட்டில் நாளொன்றுக்குச் சுமார் 100 லீற்றர் பாவிக்கிறார். நால்வர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 146 கன மீற்றர், அந்த விலையில் ஏறத்தாழ 11,000 குறோணர். இதில் பெரிய பங்கு கழிவுநீருக்கு. நீர் வரி ஒரு கன மீற்றருக்கு 6 குறோணருக்கு மேல், அதற்கும் மேலே எல்லாவற்றுக்கும் 25 வீதப் பெறுமதி சேர் வரி. கழிவுநீர்க் கட்டணம் மீற்றரில் ஓடிய குடிநீரைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. பூமரத்துக்கு ஊற்றிய தண்ணீருக்கும் கழிவுநீர்க் காசு கட்டுகிறீர்கள்.

நீர் வரி 1994இல் வந்தது. 1980களின் இறுதியில், எம்மவர் பலர் இங்கே வந்து இறங்கிய காலத்தில், ஒருவர் பாவனை நாளுக்கு 170 லீற்றர் அளவில் இருந்தது. மீற்றரும் வரியும் வந்தபின் அது சரிந்தது. சனம் சிக்கனமானதும் விலை குறையும் என்றுதானே நினைப்போம்? ஏறியது. குழாய், பம்பி, நிலையம் எல்லாவற்றின் செலவும் அப்படியே இருக்க, விற்கும் அளவு குறைந்தால் ஒரு கன மீற்றரின் பங்கு கூடும். நிறுவனத்தின் குழாயிலேயே பத்து வீதத்துக்கு மேல் ஒழுகினால் அந்த மேலதிகத்துக்கு அரசுக்கு வரி கட்டுவது நிறுவனம். நல்ல விதி. அதிகம் பாவிக்கும் தொழிற்சாலைகளுக்குக் கழிவுநீர்க் கட்டணம் படிப்படியாகக் குறையும் விதியும் உண்டு. 500 கன மீற்றருக்கு மேல் ஒரு கழிவு, 20,000க்கு மேல் பெரிய கழிவு. அது நல்ல விதியா என்று எனக்குத் தெளிவில்லை. மாசின் வரலாறு இப்படி இருக்கும் ஊரில் அது கொஞ்சம் உறுத்துகிறது.

வாடகை வீட்டில் இருப்போர் மாதாமாதம் முற்பணமாகக் கட்டுவார்கள், ஆண்டிறுதியில் கணக்கு வரும். அந்தக் கணக்கைக் கேட்டுப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கட்டணம் ஆண்டுதோறும் கொம்யூன் சபையின் அனுமதியோடு தீர்மானமாகிறது. கொம்யூன் நிறுவனங்களின் இயக்குநர் சபைக்குப் பாவனையாளர்கள் தங்கள் பிரதிநிதிகளைத் தெரிவு செய்யலாம். கூட்டுடைமை நீர் நிலையமானால் ஆண்டுக்கொரு பொதுக்கூட்டம், ஒவ்வொரு உறுப்பினருக்கும் பேச்சுரிமை, வாக்குரிமை. கோயில் நிர்வாகசபைக்கும் விளையாட்டுக் கழகத்துக்கும் நடக்கும் போட்டியில் பத்தில் ஒரு பங்கு இங்கே இருந்தால் கூட்டத்தில் தமிழ் முகம் ஒன்றாவது தெரியும். கோப்பியும் கேக்கும் கொடுப்பார்கள், ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும்.

கடைசியாக ஒழுக்கு. மலகூடத் தொட்டி மெல்லிதாக, கண்ணுக்கு அரிதாகத் தெரியும்படி ஒழுகினாலும் ஆண்டுக்கு 100 கன மீற்றர் போகும். நீர் மேற்பரப்பு நடுங்கும்படி ஓடினால் 400 வரை. மேலே சொன்ன விலையால் பெருக்கிப் பாருங்கள். நிலத்துக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் குழாய் உடைந்து, வழக்கமான பாவனையைவிட 300 கன மீற்றருக்கு மேல் போயிருந்தால், அந்த மேலதிகத்துக்கான வரியையும் கழிவுநீர்க் கட்டணத்தையும் திருப்பிக் கேட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கலாம். கண்ணில் தெரியும் ஒழுக்குக்கு அது கிடையாது. இரவு படுக்கப்போகும்போது எல்லாக் குழாய்களையும் பூட்டி மீற்றர் இலக்கத்தைக் குறித்துவைத்து, காலையில் யாரும் முகம் கழுவுமுன் மறுபடி பாருங்கள். இலக்கம் மாறியிருந்தால் முதலில் மலகூடம், பிறகு சுடுநீர்த் தாங்கியின் காப்பு வால்வு, அதன்பின் குலோக் மேஸ்திரி அல்ல, தண்ணீர்க் குழாய்க்காரர்.